இறங்க ஆள் இருந்தால் நிற்கும் பஸ்

1

எங்கள் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை ஏற வேண்டும். உட்கார வேண்டும். பெல்ட் போட வேண்டும். நான் திரும்பி டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். பிள்ளை வாசலில் இல்லை என்றால் காத்திருப்போம். அப்போதும் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போடுவோம். பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் எனக்கும் வேலை இருக்காது, டிரைவருக்கும் இருக்காது.

நான் குவைத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. பேர் செல்வி. பிறந்தது சிறுவாச்சூர் பக்கம். வாழ்க்கைப்பட்டது ஆண்டிமடம் பக்கம் ஒரு காலனி. படிப்பு எட்டாவது. இங்கே வந்து இந்த மாதத்தோடு நாலு வருஷம் முடிகிறது.

காலனிப் படிப்பகத்துப் பிள்ளைகள் மலர் போடுகிறார்கள். "அக்கா, குவைத்து வாழ்க்கையப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். வெயிலைப் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். மணல் காற்றைப் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் இந்த பஸ் விஷயம் வந்துவிட்டது. இனி வெயிலைப் பற்றி எழுத மனம் இல்லை.

நம்ம ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தெரிந்ததாலேயே யாரும் பேசுவதில்லை. மலர் வெளியூருக்கும் போகும் என்றார்கள். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

2

விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பேன். ஒரு ரூமில் பல தேசத்துப் பெண்கள். பாத்ரூம் ஒன்று. முறை போட்டுக் குளிப்போம். கீழே பஸ் நிற்கும். டிரைவர் பஷீர் மலையாளி. என்னைச் சேச்சி என்பார்.

முதல் வாசலில் மரியம் நிற்கும். எகிப்துப் பிள்ளை, எல்கேஜி. தூக்கம் கலையாமலே ஏறும். ஏறியதும் என் தோளில் சாயும். அதை உட்காரவைத்து பெல்ட்டைப் பூட்டிவிட்டுக் கையைத் தூக்குவேன். அப்போது இங்கே ஆறு மணி ஆகப் போகும். நம்ம ஊரில் எட்டரை ஆகப் போகும். என் பெண் இலக்கியா பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்.

இலக்கியா ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நர்சுக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசைக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் முதலில் ஊருக்குள் வரும். அங்கே ஒரு ஸ்டாப். பிறகு முந்திரிக்காட்டைத் தாண்டி எங்கள் காலனி வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். காலனியிலும் ஸ்டாப் உண்டு. நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் பேர் சுவர் முழுக்க எழுதியிருக்கிறது. உள்ளே ஆடு படுத்திருக்கும். காலையில் பஸ் அங்கே நிற்காது.

அதனால் காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். ஊர் ஸ்டாப்பில் டீக்கடைக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் நிற்பார்கள். தள்ளிப் புளியமரத்தடியில் காலனிப் பிள்ளைகள் நிற்பார்கள். பஸ் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். அவர்கள் ஏறி முடித்த பிறகு இவர்கள் ஏறி நிற்பார்கள். பஸ் கிளம்பும். இவர்கள் வீட்டு வாசல் வழியாகவே நிற்காமல் போகும்.

சாயங்காலம் காலனியில் நிறுத்துவார்கள். இறங்க ஆள் இருந்தால் நிறுத்தாமல் முடியாது. ஏற்றத்தான் நிறுத்த மாட்டார்கள். கேட்டால் டைம் ஆயிடும் என்பார்கள். காலனியில் நிறுத்தினால் டைம் ஆகும். ஊர் ஸ்டாப்பில் இறங்கி டீ குடித்தால் டைம் ஆகாது.

சிறுவாச்சூரில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கோயில் நடை திறக்கும். அந்த நாட்களில் ரோட்டில் போகிற பெரிய பஸ்களும் நின்று ஆளை ஏற்றும். சின்ன வயதில் நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். நிறுத்த மனசிருந்தால் எந்த பஸ்ஸும் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

3

போன மாதம் இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. பெரிய வகுப்புப் பிள்ளைகளே நடத்தினார்கள். எல்லா நாட்டுக்காரரும், எல்லா மதத்துக்காரரும், எல்லா நிறத்துக்காரரும் இங்கே ஒன்று என்று சொல்கிற விழா. பிள்ளைகள் அவரவர் நாட்டு உடுப்புப் போட்டு வந்தார்கள். பலகை பலகையாகப் படம் ஒட்டினார்கள்.

பத்தாவது படிக்கிற லெபனான் பெண் ஒருத்தி கேமராவோடு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள். லீனா என்று பேர். நல்ல பெண். ஆயாமார், டிரைவர்மார் எல்லோரையும் படம் பிடித்தாள். என்னிடம் எந்த ஊர் என்று கேட்டாள். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்று கேட்டாள். இங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பெரம்பலூர் என்றேன். அவள் வாயில் நுழையவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விழா அன்று என் படம் ஹாலுக்குள்ளே பெரிதாக இருந்தது. சேலை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். கட்டிப் போனேன். மேடையில் நிறுத்திக் கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு தமிழ் அம்மா கிட்டே வந்தார். மகள் இங்கே படிக்கிறாளாம்.

"பெரம்பலூர்னு போட்டிருக்கே. எங்களுக்குத் திருச்சி. பெரம்பலூர்ல எங்க?"

"கட்டிக்கொடுத்தது ஆண்டிமடம் பக்கங்க."

"ஆண்டிமடமா. அங்க எங்களுக்கு ஆளுங்க உண்டு. ஊருக்குள்ளயா?"

"காலனிங்க."

"ஓ" என்றார். பிறகு பிரியாணி வைத்திருந்த பக்கம் பார்த்தார். மகள் கூப்பிடுகிறாள் என்று போய்விட்டார். யாரும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. வாசலில் நின்ற காவலாளி எங்களை மறித்தார். பஸ் ஆட்களுக்கு வெளியே பொட்டலம் என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஷீர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சேச்சி, நம்ம போட்டோ அகத்து ஏசியில இரிக்கு. நம்ம இவிட வெயிலில் இரிக்கு. போட்டோவுக்குத்தான் பாக்கியம்."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் பொட்டலத்தை மடித்து வைத்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. அவர்கள் மனசார நடத்தினார்கள். ஆனால் படத்தை உள்ளே விடுகிறவர்கள் ஆளை ஏன் உள்ளே விடவில்லை என்று ஒரு பெரியவரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

4

வீட்டுக்காரர் பேர் முருகேசன். ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவர் அதிகம் பேச மாட்டார். போன் பண்ணினால் "சாப்டியா" என்பார். அன்றைக்குச் சாப்டியா கேட்கவில்லை.

"செல்வி, புள்ளய ஸ்கூல்ல வரவேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"பஸ் ஸ்டாப்பு பிரச்சினை. மன்னிப்பு எழுதிக் குடுத்தாத்தான் உள்ள விடுவாங்களாம். இல்லாட்டி டிசிய வாங்கிக்கிட்டுப் போங்கன்றாரு எச்செம்மு."

"என்னா பஸ் ஸ்டாப்பு பிரச்சினை?"

"ஒங்கிட்ட அவ சொல்லலியா?"

சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் என்னிடம் எதையும் சொல்வதில்லை. போனில் கேட்டால் "ம்" என்பாள். "சரி" என்பாள். நான் வந்தபோது பன்னிரண்டு வயது. தலை பின்னிவிடச் சொல்லி அடம் பிடிப்பாள். இப்போது முடியைத் தானே பின்னிக்கொள்கிறாள், எல்லாவற்றையும் தானே முடித்துக்கொள்கிறாள்.

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்கேருந்து என்னம்மா பண்ணுவ."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் சமத்துவ மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். எல்லோரும் சமம் என்று படம் வரையச் சொன்னார்கள். வரைந்தார்கள். உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். கையை நீட்டிச் சொன்னார்கள். அதையெல்லாம் போட்டோ பிடித்து மேலே அனுப்பினார்கள். அத்தோடு முடிந்தது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. மத்தியான இடைவேளையில் அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். நம்ம ஸ்கூலில் எங்கே எங்கே பிரிந்து நிற்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தன் தண்ணீர்க் குழாய் என்றான். ஒருத்தி பெஞ்சு என்றாள். என் பெண், "ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடியே பிரிஞ்சுதான் நிக்கிறோம், பஸ் ஸ்டாப்புல" என்றாள்.

மதுமிதா என்று ஒரு பெண். ஊருக்குள் இருக்கிறவள். முந்திரித் தோப்பு உள்ள குடும்பம். இலக்கியாவோடு ஒரே பெஞ்சு. அவள் கேட்டாளாம்.

"ஒங்க ஸ்டாப்புல ஏன் நிறுத்த மாட்றாங்க?"

"நாங்கதான நிக்கிறோம், அதான்."

"அப்ப நாங்களும் வந்து நிக்கிறோம்."

நின்றார்கள். திங்கட்கிழமை காலையில் மன்றத்து ஊர்ப் பிள்ளைகள் டீக்கடையைத் தாண்டி, முந்திரிக்காட்டைத் தாண்டி, காலனி நிழற்குடைக்கு நடந்து வந்தார்கள். ஆட்டை விரட்டிவிட்டு உள்ளே நின்றார்கள். பையனும் பெண்ணுமாகக் கலந்து நின்றார்கள். பஸ் வந்தது. வழக்கம்போலப் போகப் பார்த்தது. உள்ளே நிற்பது யார் என்று டிரைவருக்குத் தெரிந்தது. நிறுத்தினார்.

"ஒங்களுக்கெல்லாம் இங்க என்னா வேல?" என்று கண்டக்டர் கேட்டாராம்.

"ஸ்கூலுக்குப் போற வேலண்ணே" என்றாளாம் மதுமிதா.

செவ்வாய்க்கிழமையும் நிறுத்தினார். புதன்கிழமை பஸ் வருவதற்கு முன்னால் பைக்குகள் வந்தன. மதுமிதாவின் சித்தப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார். மற்றவர்களும் அவரவர் பிள்ளைகளை ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். காலனிப் பெண் எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்று தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டார்கள்.

நின்றது அத்தனை பேர். மன்னிப்பு எழுத வேண்டியது ஒருத்தி.

5

லீவு கேட்டுப் போனேன். சூப்பர்வைசர் ஒரு வடநாட்டு ஆள். என் ஆங்கிலம் அவருக்குப் புரியாது. அவர் இந்தி எனக்குப் புரியாது. இரண்டு பேரும் உடைந்த அரபியில் பேசுவோம்.

மகள், பள்ளிக்கூடம், பிரச்சினை என்றேன். நோயா என்று கேட்டார். இல்லை என்றேன். சாவா என்று கேட்டார். இல்லை என்றேன். நோயும் சாவும் இல்லாவிட்டால் பரீட்சை முடிகிறவரைக்கும் லீவு கிடையாது என்றார். எழுதிக் கொடுத்தால் ஆபீசுக்கு அனுப்புவேன், ஆபீசில் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார். பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

பிள்ளைக்கு நோய் வந்தால் போகலாம். பிள்ளையை அவமானப்படுத்தினால் போக முடியாது. அதற்கு அவர்கள் ஆபீசில் காரணம் கிடையாது.

தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். நம்பரை இலக்கியாதான் தந்தாள்.

"சார், இலக்கியா அம்மா பேசறங்க. குவைத்துலேர்ந்து."

"சொல்லும்மா. நல்லா இருக்கியா? பொண்ணு நல்லாப் படிக்குது. கெட்டிக்காரி. அதனாலதாம்மா சொல்றேன். சின்னதா ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லு. பிரச்சினைய முடிச்சுக்கலாம்."

"அவ என்னா தப்பு பண்ணுனா சார்?"

"தப்புன்னு நான் சொல்லலியே."

"தப்பு இல்லன்னா மன்னிப்பு எதுக்குங்க?"

"நீ வெளிநாட்டுல இருக்க. இங்க நெலவரம் ஒனக்குத் தெரியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? படம் வரையச் சொன்னா வரையணும், அத்தோட விடணும். ரோட்டுக்கெல்லாம் கொண்டு போகலாமா?"

"சமம்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

"மீட்டிங் இருக்கும்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஒருமையில்தான் பேசினார். மதுமிதாவின் சித்தப்பாவை வாங்க, உக்காருங்க என்றாராம்.

நிலவரம் தெரியாது என்றாரே, அதை யோசித்துப் பார்த்தேன். அந்த நிலவரத்தில் பிறந்து, இதே மாதிரி ஒரு புளியமரத்தடியில் நின்று, கடைசியாக ஏறி, நின்றுகொண்டே போய் எட்டாவதோடு நின்றவள் நான். அந்த ஆளுக்கு மாறுதல் கிடைத்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார். எனக்குத் தெரியாதாம்.

6

வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டை வந்தது.

"நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். "அவ எழுத வேணாம். எம்பேருல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வரேன். அவளுக்குத் தெரிய வேணாம்."

"போடாதீங்க."

"ஒனக்கென்னா, நீ அங்க இருக்க. நான் டெய்லி லாரியில அந்த ஊருக்குள்ளதான் போறேன். டீக்கடையில எவனாச்சும் வழிய மறிச்சான்னா நீ வருவியா?"

நியாயமான கேள்வி. நான் ஏசி போட்ட பஸ்ஸில் அடுத்தவர் பிள்ளைக்கு பெல்ட் போட்டுக்கொண்டு இருக்கிறேன். வழிமறித்தால் அவர்தான் நிற்க வேண்டும்.

"டிசி குடுத்துட்டாங்கன்னா அடுத்த ஸ்கூலு ரெண்டு பஸ் மாறணும்" என்றார். "பொட்டப் புள்ள. ப்ளஸ் ஒண்ணுல படிப்ப விட்டுச்சுன்னா நீ அங்க கெடக்கறதுக்கு அர்த்தமே இல்ல."

"எழுதிக் குடுத்துட்டுப் போனா அவ எப்புடி அந்த பெஞ்சுல உக்காருவா?"

"எல்லாரும் எப்புடி உக்காந்தோம்?"

"அப்புடி உக்கார வேணாம்னுதான் நான் இங்க கெடக்கறேன். ஹலாஸ்."

ஹலாஸ் என்றால் அரபியில் முடிந்தது என்று அர்த்தம். கோபம் வந்தால் எனக்கு இப்போது அதுதான் வாயில் வருகிறது. பக்கத்தில் இருந்த இலக்கியா அதைக் கேட்டுவிட்டாள்.

"எம்மாவுக்கு ஷேக்கு கோவம் வந்துருச்சு" என்றாள்.

மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம். ஆனால் அவர் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. காலையில் ஸ்கூலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். இலக்கியா போனை வாங்கினாள்.

"எழுத மாட்டேம்மா. அப்பா எழுதுனாலும் அந்தக் கிளாசுக்கு நான் போவ மாட்டேன். டிசி குடுத்தா வாங்கிக்கறேன்."

"சரி" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் நீளமாகப் பேசியது அதுதான். அதற்கு நான் ஒரு சரிதான் சொன்னேன்.

7

இதை வீட்டுக்காரர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அவரும் இலக்கியாவும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். உட்காரச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். இலக்கியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

அப்போது வராந்தாவில் சத்தம். பார்த்தால் மன்றத்துப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம். வரிசையாக நின்றார்கள். முன்னால் மதுமிதா.

"சார், எங்களுக்கும் பேப்பர் குடுங்க."

"ஒங்களுக்கு எதுக்கு? கிளாசுக்குப் போங்க."

"நாங்களும்தான சார் ஸ்டாப்புல நின்னோம். அவ எழுதுனா நாங்களும் எழுதணும். ஒரே தப்புதான?"

"ஒங்கள யாரும் கேக்கல."

"அதான் சார், ஏன் கேக்கலன்னு கேக்கறோம்."

பின்னால் ஒரு பையன். அவன் அப்பா ஊரில் பெரிய கை. அவன் ரொம்ப அடக்கமாகக் கேட்டானாம்.

"எங்கப்பாவையும் கூட்டிட்டு வரணுமாங்க சார்? அவரு வந்து நின்னு எழுதிக் குடுக்கணும்னா போன் பண்ணிக் கூப்புடறேன்."

தலைமையாசிரியர் அவனைப் பார்த்தார். அவன் அப்பா அந்த அறையில் வந்து நின்று மன்னிப்பு எழுதுவதை நினைத்துப் பார்த்திருப்பார். தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

"யாரும் ஒண்ணும் எழுத வேணாம். எல்லாரும் கிளாசுக்குப் போங்க. இனிமே மன்றத்துல படம் வரையறதோட சரி. பஸ்ஸு கிஸ்ஸுன்னு எவனாவது பேசுனீங்க, பாத்துக்கங்க."

வீட்டுக்காரர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். இலக்கியா வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"ஹலாஸும்மா."

சந்தோஷப்பட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெண் தப்பு செய்யவில்லை என்பதற்காக அந்தத் தாள் இழுப்பறைக்குள் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் வந்து நின்றதால் போனது. அவள் மட்டும் நின்றிருந்தால் அப்பா பேனாவை மூடியிருக்க மாட்டார். ஒருத்தியின் நியாயத்துக்கு அங்கே எடை இல்லை. யார் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதற்குத்தான் எடை.

8

பள்ளிக்கூடம் கிடைத்தது. பஸ் கிடைக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் காலனி ஸ்டாப்புக்கு நடக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு உத்தரவு. மதுமிதாவின் சித்தப்பா தினமும் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து அவள் ஊர் ஸ்டாப்பில் ஏறுகிறாளா என்று பார்க்கிறார். காலனிப் பிள்ளைகள் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். நிழற்குடைக்கு ஆடு திரும்பி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை. இங்கே மரியம் ஏறியது. பெல்ட் போட்டேன். கையைத் தூக்கினேன். வண்டி நகர்ந்தது. பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ் காலியான பிறகு கேட்டேன். நீளமான குரல் செய்தி. முதலில் ஆட்டின் சத்தம். காலனி ஸ்டாப் என்று தெரிந்தது. ஊருக்கு நடக்காமல் எங்கள் பிள்ளைகள் நிழற்குடையிலேயே நின்றிருக்கிறார்கள். பிறகு பஸ் சத்தம். நம்ம டவுன் பஸ் சத்தம் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். பிறகு பிரேக் சத்தம்.

"நிக்குதும்மா" என்றாள் இலக்கியா.

மதுமிதா ஊர் ஸ்டாப்பில் ஏறியிருக்கிறாள். சித்தப்பா பார்த்திருக்கிறார். திருப்தியாகியிருப்பார். பஸ் முந்திரிக்காட்டைத் தாண்டியதும் அவள் எழுந்து படிக்கட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, காலனி ஸ்டாப்புல எறங்கணும்."

"காலனியிலயா? ஸ்கூலுக்குப் போவல?"

"எறங்கணும்ணே."

"அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"எறங்கறவங்ககிட்ட இதெல்லாம் கேப்பீங்களாண்ணே? விசில் அடிங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். இறங்க ஆள் இருந்தால் நிறுத்தாமல் முடியாது. மதுமிதா கீழே இறங்கினாள். காலனிப் பிள்ளைகள் ஏறினார்கள். கடைசியாக அவளும் அதே பஸ்ஸில் திரும்ப ஏறினாள். "இதுக்குத்தான் எறங்குனியா" என்று கண்டக்டர் கேட்டது செய்தியில் கேட்கிறது. அவளும் சிரித்துக்கொண்டே போனில் பேசியிருக்கிறாள்.

"அத்தே, நான் மதுமிதா. ஒங்க ஊருக்கு டூரு வந்துட்டுப் போறேன்."

அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் என்னை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. என் வயதில் பாதி இருக்கிறதும் செல்வி என்றுதான் கூப்பிடும். அந்தப் பெண் அத்தே என்றது. பஷீர் என்ன சேச்சி என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

புதன்கிழமை மதுமிதாவுக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. அன்றைக்கு பஸ் காலனியில் நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே போனாராம். அன்றைக்கு நடந்தே போய் இரண்டாவது பீரியடுக்குத்தான் சேர்ந்தார்கள். லேட்டாக வந்ததற்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

வியாழக்கிழமை அந்தப் பெரிய கை வீட்டுப் பையன் இறங்கினான். வெள்ளிக்கிழமை இன்னொரு பெண். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வைக்கிற மாதிரி அந்தப் பிள்ளைகள் இறங்குவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். முறைக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த ஆள் இறங்க வேண்டும். வீட்டில் தெரிந்தால் அடி விழும். ஒரு பையனுக்கு விழுந்தது. மறுநாளும் அவனே இறங்கினானாம். சுவரில் படம் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் ரோட்டில் இறங்கிக் காட்டுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சொல்வார்கள் என்று தெரியும். காலம் மாறிவிட்டது பார், ஊர்ப் பிள்ளைகளே இறங்குகிறார்கள் என்று. மாறியது அந்தப் பிள்ளைகள்தான். பஸ் மாறவில்லை. என் பெண் ஏறுவதற்கு அது இன்னும் நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளை இறங்குவதற்கு நிற்கிறது. அந்த இடைவெளியில் என் பெண் ஏறிக்கொள்கிறாள்.

நான் தினமும் அடுத்தவர் பிள்ளைக்காகக் கையைத் தூக்குகிறேன். தூக்கினால்தான் வண்டி நகர்கிறது. என் பெண்ணும் தினமும் கையைத் தூக்குகிறாள். தூக்கினாலும் வண்டி நிற்பதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி உண்டு. மதுமிதாவுக்கு இங்கிருந்து ஒரு வாட்ச் வாங்கி வைத்திருக்கிறேன். மற்றவர்கள் யாருக்கும் இப்போதைக்கு நன்றி சொல்வதாக இல்லை. யாரும் இறங்காத ஒரு நாளில் அந்த பஸ் காலனியில் தானாக நின்றது என்று படிப்பகத்துப் பிள்ளைகள் எனக்குச் சொல்லட்டும். அன்றைக்கு உட்கார்ந்து குவைத்து வெயிலைப் பற்றி எழுதித் தருகிறேன்.